நீள்வில் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: செட்டிநாட்டு வீட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் அடுக்கடுக்காக நிற்கும். அங்கே ஒரு பித்தளைக் குவளையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே மூன்று நான்கு எழுத்து வெட்டியிருக்கும். அது அந்த வீட்டு விலாசம். அந்த எழுத்து இருக்கும் வரை, இது எந்த ஊர், யார் வீட்டுச் சீரில் வந்தது என்று கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம். எழுத்து தேய்ந்துவிட்டால் அது எடைக்குப் போகும் பித்தளைதான்.

நான் வில் சேகரிக்கக் கற்றுக்கொண்டது இந்தத் தெருவில்தான். இங்கே வில் கிடைத்தது என்று அர்த்தமில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் முதலில் எங்கே பார்ப்பது, விற்பவரிடம் என்ன கேட்பது என்ற பழக்கம் இங்கே வந்தது. இப்போது என்னிடம் ஒன்பது நீள்வில் இருக்கிறது. கைவினைஞர் பெயரும் எண்ணும் போட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நிறுத்திய பதிப்புகள்தான் அவற்றில் பெரும்பாலும். ஒரு வில்லை வாங்கும்போது இரண்டு விஷயத்துக்குக் காசு கொடுக்கிறோம்: மரத்தில் இருக்கும் துள்ளல், அது வந்த வழி. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அதைச் சேகரிப்பு என்று சொல்வேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த இரண்டையும் சோதிப்பதும் காப்பாற்றுவதும் பற்றித்தான்.

முதல் படி: எந்தக் குடும்பம்?

நீள்வில், அதாவது லாங்போ, ஏறக்குறைய ஆள் உயரம் இருக்கும். நாணைக் கழற்றினால் கிட்டத்தட்ட நேராக நிற்கும். நாண் ஏற்றிய பிறகும், இரண்டு நுனிக் குதைகளைத் தவிர, அதாவது நாண் மாட்டும் வெட்டுகளைத் தவிர, வேறெங்கும் நாண் மரத்தைத் தொடாது. நுனி முன்பக்கமாக வளைந்து நாண் அதன்மேல் படிந்து கிடந்தால் அது ரிகர்வ் வகை. அது வேறு உலகம்.

சேகரிப்பவர்கள் கையில் புழங்குவதை நான்கு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது இங்கிலாந்தின் போர்வில் மரபு. யூ மரத்தின் ஒரே கட்டையில் செதுக்குவது. நம் ஆசாரிகள் மரத்தை வைரம் (உள் மரம்), வெளிறு (பட்டையை ஒட்டிய வெளி மரம்) என்று பிரிப்பார்களே, இந்த வில்லின் சூட்சுமம் முழுக்க அதில்தான் இருக்கிறது. வில்லில் இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் சொல்வார்கள். யூ வில்லின் முதுகில் வெளிர் நிற வெளிறு மெல்லியதாக ஓடும். இழுபடும்போது விரியும் வேலை அதற்கு. வயிற்றுப் பக்கம் செம்பழுப்பு வைரம். அமுங்கும் வேலை அதற்கு. இரண்டு மரத்தை ஒட்டினால் கிடைக்கும் பலனை ஒரே மரம் தானாகவே கொடுத்துவிடுகிறது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ் 1545 ஜூலை 19 அன்று மூழ்கியது. 1982-ல் அதன் உடலைக் கடலிலிருந்து தூக்கினார்கள். அந்த அகழ்வில் 137 முழு வில்லும் 3,500-க்கு மேற்பட்ட அம்பும் கிடைத்தன. வில்லின் நீளம் 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை. இன்றைக்குப் போர்வில் பதிப்பு வெளியிடும் எந்தக் கைவினைஞரும் போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வில்களைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, போருக்கு வில் பயன்படாமல் போன பிறகு இங்கிலாந்தில் விளையாட்டாக வளர்ந்த மரபு. 1781-ல் லண்டனில் ராயல் டாக்ஸோஃபிலைட் சொசைட்டி என்ற வில்வித்தைச் சங்கம் தொடங்கிய பிறகு கனவான்களுக்காக அழகான வில் செய்யும் கடைகள் பெருகின. எருமைக் கொம்பில் குதை, அம்பு உரசும் இடத்தில் முத்துச்சிப்பித் தகடு, வெல்வெட் சுற்றிய பிடி, பிடிக்கு மேல் செய்தவர் பெயரும் இழுவிசை எண்ணும் பதித்த முத்திரை. நம்மூர்ப் பாத்திரத்தில் விலாசம் வெட்டுவதற்கு இது அண்ணன் தம்பி போல.

மூன்றாவது அமெரிக்க மரபு. ஹோவர்ட் ஹில் (1899–1975) என்ற வில்லாளியின் பெயரோடு சேர்ந்தது. மூங்கில் பட்டைகளை அடுக்கி ஒட்டி, இரண்டு பக்கமும் ஃபைபர்கிளாஸ் பட்டை ஒட்டுவது. எண்ணிட்ட பதிப்புகள் அதிகம் வருவது இந்தக் குடும்பத்தில்தான்.

நான்காவது நமக்குப் பக்கத்தில் இருப்பது. வயநாட்டுப் பழங்குடிகளான குறிச்சியர்களின் மூங்கில் வில். பழசிராஜாவோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்து 1805-ல் உயிர்விட்ட தலக்கல் சந்து அந்த மரபில் வந்தவர். அப்புறம் பூட்டான். அங்கே 1971-லிருந்து வில்வித்தைதான் தேசிய விளையாட்டு, மூங்கில் வில் செய்யும் கைகள் இன்னும் இருக்கின்றன. இந்த வில்களில் எண் இருக்காது. ஆனால் செய்தவரை நேரில் பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்து, அவர் பெயரையும் ஊரையும் எழுதி வாங்கலாம். எண்ணை விட அது பெரிது என்று நினைக்கிறேன்.

என் அபிப்பிராயம்: செட்டிநாட்டு வெயிலில் தொடங்குகிறவர்கள் மூன்றாவது குடும்பத்தில் தொடங்குங்கள். ஃபைபர்கிளாஸ் அடுக்கு வில் பருவ மாற்றத்தைத் தாங்கும், தவறையும் ஓரளவு மன்னிக்கும். யூ மன்னிக்காது. இரண்டு மூன்று வருடம் ஒரே குடும்பத்தில் இருந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு அப்புறம் அடுத்ததற்குப் போகலாம். நான்கிலும் ஒவ்வொன்று வாங்கி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எதிலும் நல்லது எது என்று சொல்லத் தெரியாது.

இரண்டாம் படி: வில்லின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

பிடிக்குப் பக்கத்தில் கையால் எழுதிய ஒரு வரி இருக்கும். 68 அங்குலம், 45# @ 28" என்பது போல. வில் 68 அங்குலம். 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு விசை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் விசை சுமார் இரண்டு மூன்று பவுண்டு ஏறி இறங்கும். உங்கள் கை 26 அங்குலம்தான் இழுக்கும் என்றால் அதே வில் உங்களிடம் 40 பவுண்டு பக்கம்தான் நிற்கும். எழுதிய அளவைத் தாண்டி இழுக்கவே கூடாது.

அதற்குப் பக்கத்தில் 17/100 போன்ற எண். நூறு செய்ததில் பதினேழாவது. இந்த எண்ணுக்கு மயங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் நூறோடு நிறுத்தினார்கள்? நல்ல பதில் மரத்திலிருந்து வரும். ஒரே மரத்தில் வெட்டிய கட்டை அவ்வளவுதான் தேறியது, பல வருடம் உலர்த்தி வைத்திருந்த யூ கட்டை தீர்ந்தது, கைவினைஞர் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி வரிசை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வழக்கமான வில்லிலேயே பிடியில் ஒரு வட்டத் தகட்டைப் பதித்து, பெட்டியை மாற்றி, எண் போட்டு விற்பதும் உண்டு. அது தப்பான பொருள் என்று சொல்லவில்லை. ஆனால் கூடுதல் விலை எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. ஒரே ஆள் செய்து, ஐம்பதுக்குள் நிறுத்தி, பெயர், ஆண்டு, எண் மூன்றையும் தன் கையால் எழுதியிருந்தால் நான் நின்று பார்ப்பேன். சான்றிதழ் தாள் இருந்தால் நல்லது, ஆனால் தாளில் இருக்கும் எண்ணும் கையெழுத்தும் வில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வலது கை, இடது கை வில் தனித்தனி. அம்பு உட்காரும் மேடை வெட்டியிருக்கும் பக்கத்தைப் பார்த்தால் தெரியும். எய்யப் போவதில்லை என்றாலும் கவனியுங்கள், ஒரு நாள் எய்ய ஆசை வரும்.

மூன்றாம் படி: கண்ணும் விரலும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். பணம் காப்பாற்றப்படுவது இங்கேதான்.

நான் முதன்முதலில் வாங்கிய எண்ணிட்ட வில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வந்தது. படங்கள் அருமையாக இருந்தன. சான்றிதழ் இருந்தது. எல்லாப் படமும் முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தவை என்பதை நான் கவனிக்கவில்லை. வில் வந்த அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். முற்றத்தில் சாய்ந்த வெயில் விழும் நேரம். பிடிக்கு ஒரு சாண் மேலே, வயிற்றுப் பக்கம், மரத்தின் நாரோட்டத்துக்குக் குறுக்கே மூன்று மயிரிழைக் கோடு தெரிந்தது. மெருகில் விழுந்த கீறல் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கதவு வேலைக்கு வந்திருந்த ஆசாரி அண்ணன் வில்லை வாங்கி, கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக இழுத்தார். மூன்று இடத்திலும் நகம் சின்னதாகத் தடுக்கியது.

"தம்பி, இது கீறல் இல்ல. உள்ள மரம் நசுங்கிப் போச்சு. வெத்தலையை மடிச்சா கோடு விழும் பாருங்க, அந்த மாதிரி" என்றார்.

அவர் வில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மரம் தெரிந்த கை, அவ்வளவுதான். வயிற்றில் இருக்கும் மர நார் தாங்க முடியாத அமுக்கத்தில் மடிந்து உடைவதால் வருவது அந்தக் கோடு. சரிசெய்ய முடியாது. எய்ய எய்ய அந்த இடம் இன்னும் வளைந்து, கடைசியில் முறியும். அந்த வில்லை நான் இதுவரை ஒரு முறைகூட இழுத்ததில்லை. சுவரில் இருக்கிறது.

அதனால் இப்படிப் பாருங்கள். முதலில் வயிறு. சாய்ந்த வெளிச்சத்தில், வில்லை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, குறுக்குக் கோடு உண்டா என்று பாருங்கள். முடிச்சு இருக்கும் இடங்களைச் சுற்றிக் கூடுதலாகப் பாருங்கள். நெடுக்கே ஓடும் மெல்லிய வெடிப்பு மரம் காயும்போது வருவது. அது பல நேரம் ஆபத்தில்லை. குறுக்கே இருப்பதுதான் பயம்.

அடுத்து முதுகு. ஒரு பிடி பஞ்சை எடுத்து ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை உருவுங்கள். எங்காவது பஞ்சு மாட்டினால் அங்கே ஒரு சிலும்பு எழும்பத் தொடங்கியிருக்கிறது. ஒசேஜ் ஆரஞ்சு என்ற மஞ்சள் மரத்தில் செய்த அமெரிக்க வில் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நல்ல கைவினைஞர் முதுகை ஒரே ஆண்டு வளையத்தின் மேல் நிறுத்துவார். வளையம் மேடு பள்ளமாகப் போனால் அவர் வெட்டும் அதே மேடு பள்ளத்தோடு போகும். முதுகில் வரைபடக் கோடு மாதிரி வளையங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அந்த இடம் பலவீனம். எட்டாயிரம் ரூபாய் வில்லோ எண்பதாயிரம் ரூபாய் வில்லோ, இதில் சலுகை கிடையாது.

அடுக்கு வில் என்றால் ஒட்டுக் கோட்டைப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு அடுக்கு சேரும் இடம் முழுக்க ஒரே நிறமாக ஓட வேண்டும். எங்காவது வெளுத்தோ பால் படிந்தது போலவோ இருந்தால் பசை விட்டிருக்கிறது. ஃபைபர்கிளாஸில் நெடுக்கே வரும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் பழைய வில்லுக்கு இருப்பதுதான், குறுக்கே வந்தால் விட்டுவிடுங்கள்.

இனி நாண் ஏற்றிப் பார்ப்பது. காலுக்குள் விட்டு வளைக்கும் பழைய முறை வேண்டாம், பல வில்கள் முறுக்கிக்கொள்வது அதனால்தான். நாணேற்றும் கயிறு என்று தனியாக விற்கிறார்கள், இரண்டு நுனியிலும் மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டு பிடியை மேலே தூக்கினால் வில் தானாக வளையும். ஏற்றிய பிறகு வில்லைக் கண்ணுக்கு நேராக, நாண் முன்னால் இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். நாண் பிடியின் நடுவைப் பிளந்துகொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் முறுக்கு இருக்கிறது.

மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே அழகில் வளைகிறதா என்பதை வில் செய்பவர்கள் டில்லர் என்பார்கள். பிடியின் இரண்டு முனையிலிருந்தும் சம தூரத்தில், நாணுக்கும் மரத்துக்கும் இருக்கும் இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். அம்புக்கு மேல் ஒரு விரல், கீழ் இரண்டு விரல் வைத்து எய்யும் வில்லில் கீழ் பாதி சற்று விறைப்பாக, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கோ கால் பங்கோ குறைவாகக் காட்டும். அது குறையில்லை, வேண்டுமென்றே வைப்பது. அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். இங்கிலாந்து பாணி என்று சொல்லி விற்றால் அகலத்தையும் கனத்தையும்கூட அளந்து பாருங்கள். பிரிட்டன் நீள்வில் போட்டிகளின் விதிப்படி கனம் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது. தட்டையாக இருந்தால் அது நல்ல வில்லாக இருக்கலாம், ஆனால் அந்த மரபு இல்லை.

நாணைக் கழற்றி வைத்தாலும் சற்று வளைந்தே நிற்கும் பழைய மர வில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறைய எய்த மரம் அப்படித்தான் படியும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் சகஜம். மூன்று அங்குலம் என்றால் துள்ளல் போய்விட்டது.

நான்காம் படி: படம் கேட்பது, பணம் கொடுப்பது

நேரில் பார்க்க வழியில்லாதபோது நான் ஏழு படம் கேட்பேன்: நாண் இல்லாமல் பக்கவாட்டில் முழு வில், நாண் ஏற்றிப் பக்கவாட்டில் முழு வில், நாண் வரியில் கண் வைத்து எடுத்தது, வயிறு முழுக்க நெருக்கமாக மேல் பாதி, கீழ் பாதி தனித்தனியாக, இரண்டு குதையும் ஒரே படத்தில், எழுத்தும் எண்ணும் இருக்கும் இடம். வயிற்றுப் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் இனி நான் வாங்குவதில்லை. அப்புறம் மூன்று கேள்வி. கடைசியாக எப்போது எய்தீர்கள்? உங்களுக்கு முன் யாரிடம் இருந்தது? எங்கே வைத்திருந்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு கார் ஷெட், மாடி அறை என்று பதில் வந்தால் ஒட்டு பற்றி மறுபடியும் கேளுங்கள்.

புது வில்லைக் கைவினைஞரிடமே சொல்லிச் செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி. பெயர் பெற்றவர்களிடம் விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் அவரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து முழுவதையும் அச்செடுத்து வையுங்கள். பிற்காலத்தில் சான்றிதழ் தாளை விட அதற்கு மதிப்பு அதிகம்.

ஐந்தாம் படி: சட்டமும் சுங்கமும்

வில்லின் அழகுப் பொருட்களில்தான் சிக்கல் இருக்கிறது. பிடிக்கு ரோஸ்வுட், கோகோபோலோ, புபிங்கா போன்ற மரங்களை விரும்பிப் போடுவார்கள். ரோஸ்வுட்டும் கோகோபோலோவும் நம் ஈட்டி மரமும் சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின், அதாவது அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சிறிய அளவு மரம் கொண்ட முடிந்த பொருட்களுக்கு 2019-ல் தளர்வு வந்தது. பிரேசில் ரோஸ்வுட் கதை வேறு, 1992 முதல் அது மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய இருப்பு மரம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். ரசீதில் மரத்தின் தாவரப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஐரோப்பிய யூ, பசிபிக் கரை யூ இரண்டும் பட்டியலில் இல்லை, இமயமலை யூ இருக்கிறது. வெறும் யூ என்று எழுதினால் எந்த யூ என்று கேட்பார்கள்.

மான் கொம்பு நுனி, பாம்புத் தோல் ஒட்டிய முதுகு, தந்தப் பதிப்பு எதுவும் வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், இது எந்த நாட்டு மான் என்று சுங்க மேசையில் நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். எருமைக் கொம்பு போதும், குதைக்கு அதைவிட நல்லது இல்லை.

உள்ளூர் வீடுகளில் பழைய வில் கிடைத்தால், அது 100 வருடம் கடந்ததாக இருந்தால், 1972-ன் தொல்பொருள் சட்டம் அதற்கும் பொருந்தலாம். அப்படிப்பட்ட பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

சுங்கப் பட்டியலில் வில் விளையாட்டுச் சாதனம், 9506 என்ற தலைப்பின் கீழ் வரும். விற்பவர் படிவத்தில் ஆயுதம் என்ற பொருள் வரும் சொல்லைப் போடாமல் வில்வித்தை விளையாட்டுச் சாதனம் என்று உண்மையான விலையோடு எழுத வேண்டும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், உடைந்து வந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் வரி எவ்வளவு, வேறு அனுமதி ஏதும் வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது. 68 அங்குலம் என்பது 173 சென்டிமீட்டர். கூரியர் நிறுவனங்களின் நீள வரம்பையும் முன்கூட்டியே கேளுங்கள். நாலு அங்குல பிவிசி குழாயில் வைத்து அனுப்புவதே பாதுகாப்பு. நடுவில் கழற்றி இரண்டாக வைக்கும் வில் என்றால் இந்தத் தலைவலி பாதி.

குழாய் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். இரண்டு நாள் வீட்டுக் காற்றில் சும்மா கிடக்கட்டும். அன்றைக்கே நாண் ஏற்ற வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டில் எங்கே வைப்பது?

நம் பழைய வீடுகள் இதற்கென்றே கட்டியது போல இருக்கும். கனமான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, கட்டு கட்டாகப் பின்னால் போகும் அமைப்பு. முகப்பு வேண்டாம், தெருத் தூசியும் மேற்கு வெயிலும் படும். முற்றத்தை ஒட்டிய வளவும் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் ஈரம் நேராக வரும். இரண்டாம் கட்டில், வெளிச்சுவரைத் தொடாத உள்ளறை ஒன்றைப் பிடியுங்கள். என் அறையில் ஈரப்பதமானி ஒன்று தொங்குகிறது. முள் 40-க்கும் 60-க்கும் நடுவில் நின்றால் நான் நிம்மதியாக இருப்பேன். அக்கினி நட்சத்திர நாட்களில் ஒற்றைக்கட்டை வில்லை இழுப்பதே இல்லை, அதிகம் காய்ந்த மரம் சொல்லாமல் முறியும்.

நாணைக் கழற்றி, படுக்கை வசத்தில், இரண்டு மர முளையின் மேல் வையுங்கள். முளைக்குத் துணி சுற்றுங்கள். மூலையில் சாத்தி வைத்தால் கீழ் நுனி முழு எடையையும் வாங்கி மெதுவாக வளையும். மூங்கில் வில் இருந்தால் மாதம் ஒரு முறை அதற்குக் கீழே தரையைப் பாருங்கள். மாவு மாதிரி மஞ்சள் தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு துளைக்கிறது. உடனே தனியே எடுத்து பாலிதீன் சுற்றி வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். கரையான் சுவர் வழியாக ஏறும் வீடு என்றால் முளை அடிக்காமல் தனியாக நிற்கும் மரச்சட்டம் செய்து, கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தயிர் உறி தொங்கவிட்ட ஊர் நாம், இதெல்லாம் புதிதில்லை.

காரில் மட்டும் விடாதீர்கள். ஒரு மே மாதம் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வர ஆன இரண்டு மணி நேரத்தில், பின் சீட்டில் கிடந்த அடுக்கு வில்லின் கீழ் நுனியில் ஒட்டு விட்டுவிட்டது. இரண்டு விரல் நீளத்துக்கு அடுக்கு வாயைத் திறந்து நின்றது. என் தவறு. இத்தனைக்கும் அன்று காலைதான் அதற்குத் தேன்மெழுகு பூசியிருந்தேன்.

மெழுகு போதும். மெருகு போன பழைய வில்லுக்கு வார்னிஷ் அடிக்க ஆசை வரும், அடிக்காதீர்கள். நூறு வருட அழுக்கும் கைப்பட்ட பளபளப்பும் அதன் வரலாற்றில் சேர்ந்தது.

ஏழாம் படி: எய்யலாமா?

எய்யலாம். ஆரோக்கியமான வில்லை வருடத்தில் சில முறையாவது இழுக்க வேண்டும் என்பது என் கட்சி. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் கூடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்குத் திரும்பும், ஒரே முறையில் வில் போய்விடலாம். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான், அதனால் நாண் வில்லோடு இல்லாமல் வேறு டப்பாவில் இருக்கட்டும். இழுவிசை ஒரு பவுண்டுக்கு அம்பு குறைந்தது 8 முதல் 10 கிரெயின் எடை இருக்க வேண்டும். 45 பவுண்டு வில்லுக்கு அது சுமார் 23 முதல் 29 கிராம். பழைய வில்லுக்குச் சற்றே நீண்டு கொடுக்கும் டேக்ரான் என்ற செயற்கை இழை நாண் போடுங்கள், புதுவகை நீளாத நாண்கள் அதன் குதையை வெட்டிவிடும். முதல் இழுப்பிலேயே முழுக்க இழுக்காமல், பாதி, முக்கால் என்று பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து மரத்தை எழுப்பிவிட்டு அப்புறம் அம்பு தொடுங்கள்.

எட்டாம் படி: பேரேடு

கணக்கு எழுதுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வில்லுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் அதன் அடையாளம்: செய்தவர், ஊர், ஆண்டு, எண், மரங்கள், நீளம், இழுவிசை, கொடுத்த விலை, வரி, யாரிடமிருந்து, எந்தத் தேதி. வலது பக்கம் அதன் வாழ்க்கை: எப்போது நாண் ஏற்றியது, எத்தனை அம்பு, நாண் மாற்றியது, மெழுகு பூசியது, புதிதாகத் தெரிந்த கோடு, வருடா வருடம் அளந்த வளைவு. படங்களின் பின்னால் தேதி எழுதுங்கள். வில்லின் மேல் மட்டும் உங்கள் விலாசத்தை வெட்டாதீர்கள். பித்தளைக்கு அது வரலாறு, மரத்தின் முதுகுக்கு அது காயம். ஒரு நூலில் சின்னத் துணிச்சீட்டு கட்டி, பேரேட்டுப் பக்க எண்ணை அதில் எழுதுங்கள்.

பேரேடு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரிய வேண்டும். பங்கு பிரிக்கும் நாளில் பாத்திரத்தோடு பாத்திரமாக, தூணோடு தூணாக வில்லும் வண்டி ஏறுவதை முனீஸ்வரன் கோவில் தெருவில் நின்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வில்லின் பெயரும் தெரியும். எது உடைந்தது, எது விலை உயர்ந்தது, எதை யாரும் இழுக்கக் கூடாது என்பதைத் தனித் தாளில் எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆயுத பூஜையன்று ஒன்பதையும் எடுத்துத் துடைத்து இரண்டாம் கட்டில் பாய் விரித்துக் கிடத்துவோம். சந்தனம் குங்குமம் மரத்தில் வைப்பதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமம் பழைய மெருகில் ஏறினால் போகாது. துணிச்சீட்டில் மட்டும் ஒரு பொட்டு. மறுநாள் விஜயதசமி, எங்கள் பக்கத்தில் மகர்நோன்பு. பொட்டலில் சுவாமி குதிரை வாகனத்தில் வந்து அம்பு போடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, வெயில் தாழ்ந்த பிறகு தோப்பில் வைக்கோல் பொதி சாத்தி, முறை வந்த வில்லுக்கு நாண் ஏற்றுவேன். போன வருடம் ஹிக்கரி மரத்தில் முதுகு வைத்த 60 அங்குல வில்லின் முறை. இருபது அம்பு. கீழ் பாதி கால் அங்குலம் விறைப்பு, மாற்றமில்லை. வயிற்றில் கோடு இல்லை. பக்கம் 14, வலது.